மானிட்டர திருப்பிக் குடுக்குறதுக்கு முன்னாடி வயர பாருங்க

திருமங்கலத்துல இருக்குற என் சித்தி பொண்ணு வீட்டுல இருந்தே டிசைன் வேலை பாக்குறா. போன மாசம் 27 இஞ்ச் 4கே மானிட்டர் ஒன்னு வாங்கி லேப்டாப்போட மாட்டிருக்கா, படம் வந்துருச்சு, ஆனா மவுஸ நகத்துனா அம்புக்குறி வழுக்கிட்டு போகாம விட்டு விட்டு தாவுது, பக்கத்த ஸ்க்ரோல் பண்ணா எழுத்தெல்லாம் உதறுது. "அண்ணே, பீஸ் சரியில்லண்ணே, திருப்பிக் குடுத்துரவா?"ன்னு போன் பண்ணா. ஒரு நாள் பொறும்மான்னு சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்ட்ல பஸ் ஏறி போயி பாத்தேன். மானிட்டர்ல ஒரு குறையும் இல்ல. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 30 ஹெர்ட்ஸ்னு, அதாவது நொடிக்கு 30 படம்னு நிக்கிது, 60ங்கிறது அந்த லிஸ்ட்லயே இல்ல.

ஏன் இல்லன்னு புரியணும்னா ஒரு பெருக்கல் கணக்கு போட்டாப் போதும். 4கேன்னா குறுக்க 3840, நெடுக்க 2160, மொத்தம் கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் எட்டு எட்டா 24 பிட், அத நொடிக்கு 60 தடவ அனுப்பணும், பெருக்கிப் பாருங்க, நொடிக்கு ஏறக்குறைய 1,200 கோடி பிட், அதாவது 12 ஜிகாபிட். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல விடுற இடைவெளியையும் சேத்தா, மானிட்டருக்கும் டிவிக்கும் படம் கொண்டு போற எச்டிஎம்ஐ கேபிள் கணக்குல 14.26 ஜிகாபிட் வந்துரும். அம்புட்டும் சுண்டுவிரல் தண்டி வயர்ல போகுது! ஃபுல் எச்டிக்கு இதுல கால்வாசி தான் வேணும், அதனால "பழைய மானிட்டர்ல இதே கேபிள் நல்லாத்தான ஓடுச்சு"ங்கிறது ஒரு சாட்சியே ஆகாது.

2009ல வந்த எச்டிஎம்ஐ 1.4ல மொத்தமே 10.2 ஜிகாபிட் தான், அதுலயும் எட்டு பிட்ட பத்து பிட்டா மாத்தி அனுப்புறதால படத்துக்குன்னு மிஞ்சுறது 8.16. 4கே 60 அதுல நுழையாது, 30 நுழையும். 2013ல வந்த 2.0ல 18, மிஞ்சுறது 14.4. நமக்கு வேண்டியது 14.26, பாத்தீங்களா, மயிரிழையில தான் உள்ள போகுது. அதனால தான் கேபிள் நீளமாவோ மட்டமாவோ இருந்தா திரை நடுவுல நடுவுல கருத்துட்டு திரும்ப வருது. ரெண்டு மீட்டருக்குள்ள வச்சுக்கிறது நல்லது, அட்டைப்பெட்டியில பெருசா 4கேன்னு போட்டிருக்கிறத நம்பாம பிரீமியம் ஹை ஸ்பீட்னு ஸ்கேன் பண்ணிப் பாக்குற லேபிள் இருக்கான்னு பாத்து வாங்குங்க.

தங்கச்சி விஷயத்துல கேபிளும் நல்ல கேபிள் தான். சிக்கல் நடுவுல இருந்த டைப் சி ஹப்புல, அதான் லேப்டாப்போட ஒரே ஓட்டையில மானிட்டர், பென்டிரைவ்னு பலதையும் மாட்ட உதவுற சின்னப் பொட்டி. டைப் சி வாயில 24 பின் இருக்கு, ஆனா வேகமா டேட்டா ஓடுற பாதை நாலு தான், அதுக்கு லேன்னே பேரு. அவளோட ஹப் நாலுல ரெண்ட பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க்குக்குன்னு எடுத்து வச்சுட்டு மிச்ச ரெண்ட மட்டும் படத்துக்கு விடுது, வீதியில பாதிய மறிச்சு கல்யாணப் பந்தல் போட்டா வண்டி என்ன பண்ணும், அதே கதை தான். டைப் சி வழியா படம் போறது டிஸ்ப்ளேபோர்ட்ங்கிற முறையில, எச்டிஎம்ஐ மாதிரி இன்னொன்னு. அவ லேப்டாப்ல இருக்குறது டிஸ்ப்ளேபோர்ட் 1.2, ஒரு லேனுக்கு 5.4 ஜிகாபிட், ரெண்டு லேனுக்கு 10.8, எட்டு பத்து கணக்கு போக 8.64. மறுபடியும் 30 தான். லேப்டாப்பு, ஹப்பு ரெண்டுமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4 ஆ இருந்தா ரெண்டு லேன்லயே 60க்கு இடம் இருக்கு. வழியில எது மெதுவோ அது தான் மொத்த வேகத்தையும் முடிவு பண்ணுது, மானிட்டர் எம்புட்டு நல்லதா இருந்தாலும்.

படமே வரலன்னா அது வேற கதை. போன் சார்ஜரோட வர்ற டைப் சி வயர்ல பெரும்பாலும் அந்த வேகமான பாதைக்குரிய கம்பியே கெடையாது, சார்ஜும் யூஎஸ்பி 2.0வும் மட்டும் தான், அதப் போட்டு நாள் முழுக்க உக்காந்தாலும் ஒன்னும் வராது.

இன்னொன்னு, படம் வர்றதுக்கு முன்னாடி ரெண்டும் பேசிக்கும். மாட்டுன உடனே ஒரு தனிக் கம்பி வழியா "நான் வந்துட்டேன்"னு மானிட்டர் சொல்லும், லேப்டாப் அதுக்குள்ள இருக்குற சின்ன சிப்புல இருந்து ஈடிஐடிங்கிற 128 பைட் குறிப்ப வாசிக்கும், கூட இணைப்பு இருந்தா அதையும் வாசிக்கும், என்ன கம்பெனி, என்ன அளவு, எந்தெந்த வேகம் தாங்கும்னு அதுல இருக்கும். நம்ம பாக்குற லிஸ்ட் அதுல இருந்து தான் உருவாகுது. கரண்ட் போயி இன்வெர்ட்டருக்கு மாறுற அந்த நொடியில மானிட்டர் மட்டும் அணைஞ்சு எந்திரிக்கும், லேப்டாப் பேட்டரியில அது பாட்டுக்கு ஓடும், சில நேரம் இந்தப் பேச்சு பாதியில அறுந்து போயி 1024க்கு 768னு பெருசு பெருசா படம் வரும், இல்லாட்டி நோ சிக்னல்னு நிக்கும். மானிட்டர் பிளக்க சுவத்துல இருந்தே புடுங்கி ஒரு நிமிசம் விட்டுட்டு மாட்டுங்க, பேச்சு முதல்ல இருந்து ஆரம்பிக்கும். சில மானிட்டரோட சொந்த மெனுவுலயே எச்டிஎம்ஐ 1.4, 2.0ன்னு மாத்துற இடம் இருக்கும், அதையும் ஒரு தடவ பாத்துருங்க.

60 வந்தும் எழுத்து ஓரத்துல கலர் மங்குச்சுன்னா 4:2:0ல ஓடுதான்னு பாருங்க. இடம் பத்தாதப்ப நாலு புள்ளிக்கு ஒரே கலர பங்கு போட்டுக் குடுக்குற வழி அது, சினிமா பாக்க ஒன்னும் தெரியாது, ஆனா கருப்பு மேல சிவப்புல ஞ, ணை மாதிரி சுழி எழுத்து வந்தா உடனே தெரிஞ்சுரும். அவ மாதிரி எழுத்து, கலர் வேலை பாக்குறவங்களுக்கு இது ஆகாது.

அவளுக்கு ஹப்ப விட்டுட்டு டைப் சியில இருந்து நேரா டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு போற கேபிள் ஒன்னு வாங்கிப் போட்டோம், நாலு லேனும் படத்துக்கே, 17.28 ஜிகாபிட், லிஸ்ட்ல 60 வந்துருச்சு. முதல் தடவ தப்பான ஓட்டையில சொருகிட்டா, லேப்டாப்ல டைப் சி ரெண்டு இருந்தும் ஒன்னு பக்கத்துல மட்டும் தான் அந்த டிஸ்ப்ளேபோர்ட் குறி இருக்கு, அடுத்ததுல படம் போகாது. இப்ப அந்த ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வச்சிருக்கா.