குளக்கட்டுக்கு வந்த காசு எவ்வளவு? எழுதிக் கேளுங்கள்

போன மாரியில் எங்கள் ஊர்க் குளக்கட்டு அரித்துப்போனது. திருத்துகிறோம் என்று வந்தவர்கள் கொஞ்ச டிப்பர் கிரவலைக் கொட்டினார்கள். பிறகு ஆளைக் காணவில்லை. கந்தோருக்குப் போனால், "அது மேலிடத்து விசயம், அங்க கேளுங்கோ" என்றார்கள். வன்னியில் இந்தப் பதிலை வாங்காத குடும்பம் குறைவு. காணி பெர்மிட்டுக்கும் வீட்டுத்திட்டப் பட்டியலுக்கும் அஸ்வெசும உதவிப்பணத்துக்கும் இதே அலைச்சல்தான்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரதேச செயலகம், பிரதேச சபை, நீர்ப்பாசனத் திணைக்களம் எதுவானாலும் அதற்கொரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும். இலங்கைப் பிரஜை எவரும் அவரிடம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதுங்கள், வடக்கில் நிர்வாக மொழி தமிழ்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் காரியம் இருக்கிறது. "கட்டை ஏன் இன்னும் திருத்தவில்லை?" என்று நாங்கள் முதலில் எழுதினோம். "நடவடிக்கை எடுக்கப்படுகிறது" என்று ஒரு வரி வந்தது. அடுத்த கடிதத்தில் கேள்வியே கேட்கவில்லை, கடுதாசியைக் கேட்டோம்: வேலை மதிப்பீட்டின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, இதுவரை கொடுத்த காசுக்கான வவுச்சர். பிரதிகள் வந்தன. எத்தனை கியூப் கிரவல் என்று அதில் இருந்தது. அந்தத் தாளோடு கட்டில் ஏறி நின்று பார்த்தால் மிச்சம் எவ்வளவு வரவேண்டும் என்று எவருக்கும் விளங்கும்.

கடிதம் கொடுத்ததும் திகதி போட்ட பற்றுச்சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் தொடர்புடைய தகவலென்றால் 48 மணித்தியாலம். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு.

படையினர் வசமுள்ள காணி பற்றிக் கேட்டால் தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுக்கக்கூடும். அதோடு விட்டுவிடாதீர்கள். பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் கொடுக்கத்தான் வேண்டும் என்று மறுப்புக் காரணங்களை அடுக்கும் அதே 5ஆம் பிரிவு சொல்கிறது. மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். மேன்முறையீட்டுக்கு அதுதான் பிடி.

எழுத முடியாத அம்மாமார் வாயால் சொன்னாலே போதும். அதை எழுதியெடுப்பது தகவல் அலுவலரின் கடமை.