பினாங்கில் 7.8, காரைக்குடியிலும் 7.8

பரிசோதனை முடிவின் அலகை மென்பொருள் தப்பாக எடுத்துக்கொள்வது மூன்று மாதத்தில் இது நான்காவது தடவை. இனியும் எழுதாமல் இருந்தால் எனக்கே இரத்த அழுத்தம் ஏறிவிடும்.

பினாங்கில் மகன் வீட்டில் இருந்துவிட்டுக் காரைக்குடி திரும்பிய ஆச்சி ஒருவர், அங்கே எடுத்த பரிசோதனை முடிவோடு இங்குள்ள ஒரு மருத்துவமனைக்கு வந்தார். மென்பொருள் அந்தக் கோப்பை ஏற்றுக்கொண்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.8. திரை சிவந்தது: ‘மிகக் குறைவு’. செவிலியர் குளுக்கோஸ் பாக்கெட்டைத் தேடி ஓடினார். சோதனைத் தேதியை யாரும் பார்க்கவில்லை என்பது வேறு கதை. ஆச்சியோ பெஞ்சில் உட்கார்ந்து, பேரன் கல்யாணத்துக்கு எந்தச் சமையல்காரர் என்று பக்கத்துப் பெண்ணிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். டாக்டருக்குச் சந்தேகம் வந்து, அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கினார். மலேசியாவில் சர்க்கரையை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று அளப்பார்கள்; நமக்கு டெசிலிட்டருக்கு (100 மி.லி.) இத்தனை மில்லிகிராம். 18-ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கில் 140. குறைவே இல்லை, கூடுதல்!

மென்பொருள் தந்தவரிடம் பதில் தயாராக இருக்கிறது: “இணைத்தாயிற்று சார், டேட்டா வருகிறதே.” வருகிறது ஐயா. புரிகிறதா? நம் ஊரில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவர். சென்னைப் பள்ளிக்கூடத்தில் ஆயா என்றால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண். தொலைபேசியில் சொல் தெளிவாகத்தான் கேட்கிறது. வந்தவருக்கு இலை போடுவதா, சம்பளம் கொடுப்பதா என்பது கம்பியில் வராது. கோப்பு பிழையில்லாமல் திறந்தது என்பதும் சான்றல்ல. மருத்துவத் தகவலை மென்பொருள்கள் பரிமாறிக்கொள்வதற்கான ஃபயர் (FHIR) தரத்தில் எண்ணுக்குப் பக்கத்திலேயே அலகுக்கு இடம் இருக்கிறது. காலியாக விட்டாலும் சரிபார்ப்பில் தேறிவிடும். அந்தத் தேர்ச்சியைத்தான் என்னிடம் பெருமையாகக் காட்டுகிறார்கள்.

இரு பக்கமும் ஒரே அகராதியைப் பார்த்துப் பேச வேண்டும். அகராதி இல்லாமலும் இல்லை. 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய லாயின்க் (LOINC) என்ற பரிசோதனைக் குறியீட்டுப் பட்டியலில் வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கே மில்லிகிராம் வகை 1558-6, மில்லிமோல் வகை 14771-0. நோய்ப் பெயர்களுக்கு ஸ்னோமெட் சி.டி.; 2014 முதல் இந்தியா அதில் உறுப்பு நாடு. அலகுகளுக்கு யூ.சி.யூ.எம்.; நாங்கள் ‘யூகம்’ என்போம், ஊகிக்காமல் இருக்கத்தான் அது வந்தது. 1999-இல் நாசாவே ஒரு செவ்வாய் விண்கலத்தை இப்படி இழந்தது. ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் கொடுத்ததை மற்றது நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது.

மருத்துவமனை நடத்துபவர்களே, அலகில்லாத எண்ணை உள்ளே விடாதீர்கள். குறியீடுகளைப் பொருத்தும்போது லேப் டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். நிரல் எழுதுபவர் மட்டும் போதாது. பணம் கொடுக்கும் முன் ஒரு மலேசிய ரிப்போர்ட்டை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: எண்ணை மட்டும் செல்பேசியில் தட்டி அனுப்பாதீர்கள். தாளை முழுவதும், அலகு தெரியும்படி, படம் எடுத்து அனுப்புங்கள்.