காலேஜில் புது டிகிரி: முதலில் பெயரை முடிவு செய்யுங்கள்

காசிமேட்டில் வலை உலர்த்தும் இடத்தில் நின்று தெற்கே பார்த்தால் துறைமுகத்து கிரேன்கள் தெரியும். பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் நடத்தும் என் பழைய மாணவர் அங்கே வைத்துத்தான் கேட்டார்: "சார், நம்ம காலேஜ்ல லாஜிஸ்டிக்ஸுக்குன்னு, அதான் சரக்குப் போக்குவரத்துக்குன்னு, ஒரு டிகிரி ஆரம்பிச்சா என்ன?"

நல்ல யோசனைதான். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். "டிகிரிக்கு என்ன பெயர் வைக்கப் போறீங்க?" என்றேன். "அதைக் கடைசியா பார்த்துக்கலாம் சார்" என்றார். எல்லோரும் தடுக்கி விழும் இடம் அதுதான்.

யாரிடம் அனுமதி கேட்பது என்பதே பெயரைப் பொறுத்தது. பி.காம். என்று வைத்து லாஜிஸ்டிக்ஸைச் சிறப்புப் பாடமாகச் சேர்த்தால் ஒரு வழி. அதே பாடங்களுக்கு பி.பி.ஏ. என்று பெயர் வைத்தால் ஏ.ஐ.சி.டி.இ. என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். பி.பி.ஏ., பி.சி.ஏ., பி.எம்.எஸ். மூன்றும் 2024-25 கல்வியாண்டிலிருந்து அவர்கள் கைக்குப் போய்விட்டன. நாமே புதிதாக ஒரு பட்டத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2014-இல் அறிவித்த பட்டப் பட்டியலில் உள்ள பெயராக இருக்க வேண்டும். "அப்ப மீன்வளம்?" என்று அடுத்த யோசனைக்குத் தாவினார். மீன்வள அறிவியல் பட்டம் கலைக் கல்லூரிக்கானது இல்லை. அதற்கு மீன்வளப் பல்கலைக்கழகமும், பக்கத்திலேயே பொன்னேரியில் அதன் கல்லூரியும் இருக்கின்றன.

பெயர் முடிவான பிறகு, உங்கள் கல்லூரி எந்த வகை என்று பாருங்கள். வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரி என்றால் முதல்வர் வழியாகக் கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்குக் கருத்துரு, அதாவது விவரமான முன்மொழிவு, போகும். புதுப் பிரிவு என்றால் புது ஆசிரியர் பணியிடம், அதற்குச் சம்பளம். அரசாணை வராமல் எதுவும் நகராது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற தனியார் கல்லூரி என்றால், நிர்வாகக் குழுத் தீர்மானம், அரசு அனுமதி, பிறகு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம். அங்கிருந்து ஆய்வுக் குழு நேரில் வரும். அதன் அறிக்கை மேலே போய், இணைவு ஆணை கைக்கு வந்த பிறகுதான் மாணவரைச் சேர்க்கலாம். "எப்படியும் வந்துடும்" என்று முன்கூட்டியே அட்மிஷன் போடும் கல்லூரிகள் உண்டு. அது பிள்ளைகளின் தலையில் கை வைக்கும் வேலை.

ஆய்வுக் குழு வகுப்பறை, ஆய்வகம், ஆசிரியரின் தகுதி (நெட், செட் என்ற தகுதித் தேர்வுகள் அல்லது பிஎச்.டி.) எல்லாம் பார்க்கும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் குழு வருவதற்கு முந்தின நாள் மாலைதான் புத்தகங்கள் வந்து இறங்கின. குழுவில் இருந்த அம்மா ஒரு புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டினார். கல்லூரி முத்திரையும் இல்லை, பதிவேட்டு எண்ணும் இல்லை. ஒன்றும் பேசாமல் அடுத்ததை எடுத்தார். அந்த வருஷம் அனுமதி வரவில்லை.

பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே பார்த்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிக்கு வழி சற்று எளிது. துறையின் பாடத்திட்டக் குழு வரைவு போடும். அதில் வெளி வல்லுநர்கள், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில் துறையிலிருந்து ஒருவர், பழைய மாணவர் ஒருவர் இருக்க வேண்டும். துறைமுகத்தில் சரக்கு கையாளும் ஆள் யாரையாவது இங்கே உட்கார வையுங்கள். முக்கால்வாசிக் கல்லூரிகள் இந்த இடத்தைச் சடங்குக்கு நிரப்புகின்றன. பிறகு கல்லூரியின் கல்விக் குழு ஒப்புதல் தந்து, பல்கலைக்கழகத்துக்கு முறைப்படி தெரிவிக்க வேண்டும். புதுப் பட்டம் என்பதற்காகத் தமிழையும் ஆங்கிலத்தையும் விட்டுவிட முடியாது; அவற்றோடு முதன்மைப் பாடம், துணைப் பாடம் எல்லாம் சேர்த்து ஆறு பருவங்களில் 140 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரும் மதிப்பலகு) கணக்கு வர வேண்டும்.

திரும்பவும் பெயருக்கே வருகிறேன். கவர்ச்சியாக ஒரு பெயரை வைத்துவிட்டால், நாளைக்கு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "இது பி.காமுக்கு இணையா?" என்ற கேள்வி வரும். இணைத்தன்மைக்குத் தனியாக அரசாணை வேண்டும். ஆசிரியர் பணிக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். மூன்று வருஷம் படித்து முடித்த பிறகு அந்த அரசாணைக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

பணமும் யோசிக்க வேண்டியதுதான். அரசு உதவி பெறும் கல்லூரியானாலும் புதுப் பிரிவு பெரும்பாலும் அரசுப் பணம் இல்லாமல் சுயநிதியாகத்தான் வரும், கட்டணம் கூடும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று இதே பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். அதில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் பெண்களுக்கு அந்தக் கூடுதல் கட்டணம் சின்ன விஷயம் இல்லை.

கடைசியில் அவருக்கு ஒன்று சொன்னேன். அவருடையது தன்னாட்சிக் கல்லூரி. சான்றிதழ், டிப்ளமோ படிப்புக்குப் பல்கலைக்கழகத்தின் முன் அனுமதி தேவையில்லை. முதலில் ஆறு மாதச் சான்றிதழ் வகுப்பாக நடத்துங்கள். யார் சேர்கிறார்கள், எந்தப் பாடம் எடுபடுகிறது என்று தெரிந்துவிடும். அந்தக் கணக்கையே அப்புறம் கருத்துருவில் காட்டலாம்.

சரி என்று போனவர் போன வாரம் போன் செய்தார். வகுப்பு எடுக்க ஆள் கிடைத்துவிட்டதாம், அறைதான் கிடைக்கவில்லையாம். இரண்டாம் ஷிஃப்ட் முடியும்வரை ஒரு பெஞ்சுகூடக் காலி இல்லை.