வேலை போயிடுச்சா? நகையை அடகுக்கு எடுக்குறதுக்கு முன்னாடி இஎஸ்ஐ, பிஎஃப் கணக்கைப் பாருங்க

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது திருப்பூர் பனியன் கம்பெனியிலயோ கோயம்புத்தூர் மில்லுலயோ இருப்பாங்க, உள்ளூர்ல இருக்கவங்க தஞ்சாவூர் கும்பகோணம் ஜவுளிக்கடைல நிப்பாங்க. வேலை போயி ஆளு வீட்டுக்கு வந்ததும் முதல்ல அடகுக்கடைக்குப் போறது தோடும் செயினும்தான். ஆனா அதே ஆளு சம்பளத்துல மாசாமாசம் புடிச்ச காசுக்கு ஒரு உரிமை இருக்கு, அதைக் கேக்கலாம்னே பாதி பேருக்குத் தெரியல, அதான் இதை எழுதுறேன்.

பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்க. இஎஸ்ஐன்னு ஒரு வரி இருக்கும், தொழிலாளர் அரசு காப்பீட்டுக்குப் புடிக்கிற காசு அது. 14,000 சம்பளம்னா 105 ரூபா, அதாவது 0.75 சதவீதம், கம்பெனி அதுக்கு மேல 3.25 சதவீதம் கட்டும். மாசம் 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குறவங்க இதுல வருவாங்க. இதை எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்னு நெனச்சிட்டு இருக்காங்க, ஆனா வேலை போனா காசும் உண்டு. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனான்னு பேரு, 2018 ஜூலைல ஆரம்பிச்சது. மொதல்ல 25 சதவீதம்தான் குடுத்தாங்க, கொரோனா சமயத்துல அதை பாதி சம்பளமா ஆக்குனாங்க. உங்க சராசரி தினச் சம்பளம் 500னா ஒரு நாளைக்கு 250, அதிகபட்சம் 90 நாளு, ஆக 22,500 ரூபா நேரா உங்க பேங்க் கணக்குக்கு வரும். வாழ்க்கைல ஒரு தடவைதான் இந்த 90 நாளு.

யாருக்குக் கிடைக்கும்னா, வேலை போறதுக்கு முன்னாடி குறைஞ்சது 12 மாசம் இஎஸ்ஐ உள்ள வேலைல இருந்திருக்கணும். அப்புறம் ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் ஒரு அரையாண்டு, அக்டோபர்ல இருந்து மார்ச் ஒரு அரையாண்டுன்னு கணக்கு வச்சிருக்காங்க, வேலை போறதுக்கு முந்தின அரையாண்டுல 78 நாளுக்கு காசு கட்டியிருக்கணும், அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துக்குள்ள வர்ற மத்த மூணு அரையாண்டுல ஏதாவது ஒண்ணுலயும் 78 நாளு இருக்கணும். வேலை போயி 30 நாள் ஆனதும் இஎஸ்ஐ வெப்சைட்ல நீங்களே அப்ளை பண்ணலாம், கம்பெனிக்காரங்க கையெழுத்துக்கு அலைய வேண்டாம். ஆதார், பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் ரெண்டையும் சேத்து கிளை ஆபீஸ்ல குடுக்கணும், தபால்லயும் அனுப்பலாம். இது அப்பப்ப காலம் நீட்டிச்சு நீட்டிச்சு நடத்துற திட்டம், அதனால அப்ளை பண்றதுக்கு முன்னாடி இப்ப நடப்புல இருக்கான்னு 1800-11-2526ல ஒரு போன் போட்டுக் கேட்டுக்குங்க, இலவச நம்பர்தான். கம்பெனியையே மூடிட்டாங்க, இல்ல ஆட்குறைப்புன்னு எடுத்தாங்கன்னா ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனான்னு இன்னொண்ணு இருக்கு, ரெண்டு வருஷம் இஎஸ்ஐ கட்டியிருந்தா முதல் 12 மாசம் பாதி சம்பளம், அடுத்த 12 மாசம் கால் பங்கு. இதையும் பேர் சொல்லியே கேளுங்க.

இப்ப சொல்லப்போறதுதான் ரொம்ப முக்கியம். வேலைய விட்டு அனுப்புற அன்னிக்கு ஒரு பேப்பர நீட்டுவாங்க, "எனது சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன், எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன்"னு டைப் அடிச்சு கீழ ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்ட எடம் விட்டிருக்கும். கையெழுத்துப் போட்டாத்தான் பாக்கி சம்பளம்னு சொல்லுவாங்க. தம்பிகளா, தங்கச்சிகளா, தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. அந்த ஒரு வரியில, அவங்க உங்கள அனுப்புனது போயி நீங்களா நின்னதா ஆயிடும். ஒரு வருஷத்துல 240 நாளு வேலை பாத்த தொழிலாளிய ஆட்குறைப்பு பண்ணா ஒரு மாச நோட்டீஸ் இல்லன்னா அதுக்குண்டான சம்பளம், கூடவே முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி சம்பளம் குடுக்கணும், இது பூராவும் அந்தக் கையெழுத்துல போயிடும். இஎஸ்ஐ, பிஎஃப் கணக்குல நீங்க நின்னதுக்கு என்ன காரணம் போட்டிருக்காங்கன்னும் கேட்டு வாங்குங்க.

அஞ்சு வருஷம் முடிச்சவங்களுக்கு கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை தனி, ராஜினாமா பண்ணாலும் உண்டு. கடைசி மாச பேசிக்கும் பஞ்சப்படியும் சேந்து 13,000னு வைங்க, அதை 26ஆல வகுத்து 15ஆல பெருக்குனா 7,500, ஆறு வருஷ சர்வீஸ்னா 45,000. குடுக்கலன்னா வேலை பாத்த ஊர்ல இருக்குற தொழிலாளர் துறை ஆபீஸ்லதான் புகார் குடுக்கணும், திருப்பூர் வேலைக்கு திருவாரூர்ல குடுத்தா எடுக்க மாட்டாங்க. வக்கீலுக்கு காசு இல்லயேன்னு விட்டுடாதீங்க, தொழிலாளிங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமா வக்கீல் வச்சுத் தரும், வருமானம் எவ்வளவுன்னு பாக்காம, 15100க்கு போன் பண்ணுங்க.

பிஎஃப் பத்தி எல்லாருக்கும் ஓரளவு தெரியும். 12 இலக்கத்துல யூஏஎன்னு ஒரு பிஎஃப் நம்பர் இருக்கும், அதோட ஆதாரும் பேங்க் கணக்கும் சேந்திருக்கணும், ஆதார்ல ஒரு மாதிரியும் பிஎஃப்ல ஒரு மாதிரியும் பேர் எழுத்து இருந்தாலே பணம் நிக்கும். கம்பெனி வெளியேறுன தேதிய போடலன்னா கடைசியா காசு கட்டி ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே போடலாம். இத்தன நாளா ஒரு மாசம் வேலை இல்லன்னா 75 சதவீதம், ரெண்டு மாசம்னா மொத்தமும்னு இருந்துச்சு, 2025 அக்டோபர்ல பிஎஃப் அறங்காவலர் குழு 75 சதவீதம் உடனே, மொத்தமும் எடுக்க 12 மாசம்னு மாத்த முடிவெடுத்தாங்க. என் கருத்த கேட்டா மொத்தமும் வழிச்சு எடுக்காதீங்க, முக்கியமா பென்ஷன் பங்க. பத்து வருஷ சர்வீஸ் சேந்தா 58 வயசுல பென்ஷன் வரும், ஒம்பது வருஷம் ஆனவங்க எடுத்துட்டா அது போச்சு, அதுக்குப் பதிலா இதுவரைக்கும் உள்ள பென்ஷன் சர்வீஸைக் காட்டுற ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வச்சு அடுத்த வேலைல சேத்துக்குங்க.

வேலை போன அன்னிக்கே இஎஸ்ஐ வைத்தியமும் நின்னுடாது. ஏப்ரல்-செப்டம்பர்ல 78 நாளு கட்டியிருந்தா அடுத்த ஜனவரில இருந்து ஜூன் கடைசி வரைக்கும் குடும்பத்துக்கே வைத்தியம் உண்டு. மாமியாருக்கு சுகர் மாத்திரை வாங்குறவங்க விட்டுடாதீங்க. அது முடியுறதுக்குள்ள முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்துடுங்க, வருஷ வருமானம் 1,20,000க்குள்ளன்னு விஏஓ மூலமா வருமானச் சான்று வேணும். நூறு நாள் அட்டையில திரும்பி வந்தவர் பேர் இல்லன்னா ஊராட்சி ஆபீஸ்ல எழுதிக் குடுத்து ரசீது வாங்கிக்குங்க.

கடைசியா குழுக்கடன். டெல்டால நடவு, களை இல்லாத மாசத்துல வாரத் தவணை கட்ட இன்னொரு குழுவுல வாங்குறது, அதுக்கு மூணாவதுன்னு போயிக்கிட்டே இருக்கு, அதுதான் குடும்பத்த முழுங்குது. ரிசர்வ் பேங்க் விதிப்படி வீட்டோட எல்லாக் கடன் தவணையும் சேந்து மாச வருமானத்துல பாதிக்கு மேல போகுற மாதிரி குழுக்கடன் கம்பெனிக்காரங்க கடன் குடுக்கவே கூடாது. வேலை போன வாரமே தவணைய குறைச்சு காலம் நீட்டச் சொல்லி எழுத்துல குடுங்க, வேலை நின்ன கடிதத்தோட நகலையும் வைங்க. காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் வசூலுக்கு போன் பண்ணக் கூடாது, வீட்டு வாசல்ல நின்னு கத்தவும் கூடாது. மீறுனா முதல்ல கடன் குடுத்த கம்பெனிக்கே எழுத்துல புகார், ஒரு மாசத்துல சரியான பதில் வரலன்னா ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்பாளருக்கு, அங்க விவரம் கேக்க 14448.