ரிலே: அஞ்சலா, கடத்தலா?

மெயில் சர்வர் நடத்துகிறவர்கள் ‘ரிலே அக்சஸ் டினைடு’ (இந்த மெயிலை வாங்கி அடுத்த சர்வருக்கு அனுப்ப மாட்டேன்) என்ற வரியில் ஒரு நாளாவது முட்டியிருப்பார்கள். ரிலே வேட்டைக்காட்டுச் சொல். ஓடிக் களைத்த நாய்களுக்குப் பதிலாக வழியில் நிறுத்திவைத்த புது நாய்க்கூட்டத்தைப் பழைய பிரெஞ்சில் அப்படிச் சொன்னார்கள். அப்புறம் தபால் குதிரைகளுக்கும், 19ஆம் நூற்றாண்டில் தந்திக் கருவிக்கும் அந்தப் பெயர் போனது. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய, மின்னஞ்சல் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி விதிகளிலும் அது உண்டு.

ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1964 புயல்வரை போட் மெயிலில் தனுஷ்கோடி வந்த தபால் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்தது. தன் ஊரில் யாருக்கும் வராத கடிதத்தை வாங்கி அடுத்த கைக்குத் தருவதுதான் ரிலே.

யாருடையதை வாங்குவது என்பதில்தான் வம்பு. மண்டபத்தில் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனி போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை வைத்திருக்கிறது என்று கொள்வோம். அதன் அமைப்புக் கோப்பில் ‘மைநெட்வொர்க்ஸ்’ வரியில் உள்ள அலுவலகக் கணினிகளும், பாஸ்வேர்டு கொடுத்து நுழைகிறவர்களும் எங்கும் எழுதலாம். வெளியாள் அனுப்பினால் கம்பெனியின் சொந்த டொமைனுக்கு (முகவரியில் @ குறிக்குப் பின்னால் உள்ள பெயர்) வருவதை மட்டும் ஏற்க வேண்டும். தூத்துக்குடிக் கிளையின் டொமைன் வேறு சர்வரில் இருந்து, அதற்கும் வாங்கிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால், அது ‘ரிலே டொமைன்ஸ்’ பட்டியலில் வரும். மற்றதெல்லாம் 554 என்ற மறுப்பு எண்ணோடு திரும்பும்.

ஜிமெயிலுக்கு மெயில் போகவில்லை என்று இந்தப் பட்டியலில் ஜிமெயிலைச் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. சேர்த்தால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக ஜிமெயிலுக்கு ஸ்பாம் தள்ளலாம். ‘மைநெட்வொர்க்ஸ்’ வரியில் 0.0.0.0/0 (எல்லா ஐபி முகவரிகளும் என்று பொருள்) போட்டால் இன்னும் மோசம், எல்லா ஊருக்கும் கதவு திறந்துவிடும். இதுதான் ஓபன் ரிலே. ஒரு காலத்தில் இது சகஜம். சென்ட்மெயில் என்ற பழைய மெயில் சர்வர் மென்பொருளே 1998-ல் வந்த 8.9 பதிப்பில்தான் ரிலேயை இயல்பாக மூடிவைத்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? வானொலியில் புழங்கிய ‘அஞ்சல்’ பொருத்தம்தான்; ஆனால் மின்னஞ்சல் அஞ்சல் என்றால் நாக்கு தடுக்கும். ‘கைமாற்று’ கடன் வாங்குவதாகிவிடும். ‘கடத்தல்’ என்றால் கடல் அட்டையும் தங்கமும் நினைவுக்கு வரும் கரை இது. (ஓபன் ரிலேக்கு மட்டும் அதையே வைக்கலாம்.) என் ஓட்டு ‘இடையனுப்பு’க்கு. ரிலே டொமைன்ஸ் ‘ஏற்கும் பெறுநர் களங்கள்’ ஆகும்.

அந்தக் களங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பெறுநர் பட்டியலையும் சர்வரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இல்லாத முகவரிக்கு வந்ததையும் வாங்கிவைத்து, பிறகு போலி அனுப்புநர் பெயரில் உள்ள அப்பாவிக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்.