ஷேர் மார்க்கெட் சூதாட்டமாம், லட்சத்துக்கு மாசம் 5,000 மட்டும் நல்ல முதலீடாம்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில், பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்குகள் போன்றவற்றில் போடுகிற மியூச்சுவல் ஃபண்டுகளின் விநியோகஸ்தராக வேலை பார்க்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் வழியாக நீங்கள் ஃபண்டில் பணம் போட்டால் எனக்குக் கமிஷன் உண்டு, அதனால் நான் எழுதுவதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள். கமிஷனே வேண்டாம் என்றால் 2013 ஜனவரியிலிருந்து டைரக்ட் பிளான் இருக்கிறது, ஃபண்ட் கம்பெனியிடமே நேராகப் போட்டுக்கொள்ளலாம், என்னிடம் வரவே வேண்டாம்.

வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி, "சாரே, இது முங்கிப் போகாதா?" நியாயமான கேள்வி. ஆனால் கேட்கிற அதே ஆள் ஊரில் யாரோ ஒரு தம்பி நடத்துகிற 'டிரேடிங்' தொழிலில் நாலு லட்சம் போட்டு மாதம் 20,000 வாங்கிக்கொண்டிருப்பார். அது முங்காதாம். ஏனென்றால் அந்தத் தம்பி நமக்கு வேண்டப்பட்ட பையன், மச்சானுக்குத் தெரிந்தவர், திருவிழாவுக்கு முதல் ஆளாக நன்கொடை எழுதுகிறவர்.

ஏறி இறங்குகிற பணம் வேறு, ஏமாற்றுக்காரன் கையில் போகிற பணம் வேறு. நம் மாவட்டத்தில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பங்கின் விலை தினமும் டிவியில் ஓடுகிறது, 2 சதவீதம் இறங்கினாலும் சிவப்பில் காட்டுகிறார்கள், பார்த்தவுடன் வயிறு கலங்குகிறது. அந்தத் தம்பியிடம் போட்ட பணத்துக்கு விலைப்பலகை கிடையாது. மாதா மாதம் வட்டி வருகிறது, அதனால் அசல் பத்திரமாக இருக்கிறது என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம்.

ஏற்ற இறக்கம் நமக்கு ஒன்றும் புதிதல்ல. ரப்பர் வைத்திருக்கிற குடும்பங்களைக் கேளுங்கள். 2011-ல் கிலோ 240 ரூபாய் வரை போன ரப்பர் ஷீட் 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்குக் கீழே வந்தது. பால்வெட்டுக் கூலிக்கே கட்டவில்லை என்று பலர் வெட்டையே நிறுத்தினார்கள், சிலர் மரத்தை முறித்து விற்றுவிட்டு வாழை வைத்தார்கள். 2024 ஆகஸ்டில் விலை மறுபடியும் 240-ஐத் தாண்டியபோது மரம் வைத்திருந்தவருக்குத்தான் அது கிடைத்தது. பங்குச்சந்தையும் அப்படித்தான். 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட அதன் குறியீடான சென்செக்ஸ் மார்ச் 23 அன்று 26,000-க்குக் கீழே கிடந்தது, அந்த வருடம் முடிவதற்குள் பழைய இடத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் பயந்து விற்றவருக்குத்தான் அது நிஜமான நஷ்டம். இவ்வளவு சீக்கிரம் எப்போதும் திரும்பிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அதனால்தான் அடுத்த வருடம் மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கிற பணத்தோடு யாராவது வந்தால் வங்கியில் எஃப்.டி. போடச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.

சரி, அந்த 5,000 ரூபாய்க் கணக்குக்கு வருவோம். லட்சத்துக்கு மாதம் 5,000 என்றால் வருடத்துக்கு 60 சதவீதம். அந்த வட்டியை எடுக்காமல் அதிலேயே விட்டுவைத்தால் ஒரு லட்சம் 10 வருடத்தில் ஏறக்குறைய மூன்றரைக் கோடி ஆக வேண்டும். இன்னொன்றும் யோசியுங்கள், வங்கியில் நகைக்கடன் வருடத்துக்கு 9, 10 சதவீதத்துக்குக் கிடைக்கிற ஊரில், அந்தத் தம்பி எதற்காக 60 சதவீதம் கொடுத்து உங்களிடம் வாங்குகிறார்? வீட்டுக்கு வீடு பவுன் இருக்கிற ஊர் இது, அவர் வீட்டில் மட்டும் இல்லாமலா போகும்!

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, இப்படிப் பணம் வாங்கிய ஒருவர் எழுதிக்கொடுத்த பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். மகன் கல்ஃபில் இருக்கிறார், அவர் அனுப்பிய பணம். நூறு ரூபாய் முத்திரைத்தாள், இரண்டு சாட்சிக் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், ஓரத்தில் ரெவின்யூ ஸ்டாம்பு வேறு. "கவர்மெண்ட் முத்திரை இருக்கே மக்கா" என்றார். அந்த முத்திரைத்தாள் யாரும் போய் வாங்கக்கூடியது. அந்த அம்மா பணம் கொடுத்தார் என்பதற்கு அது சாட்சி, பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க, பணம் வாங்கியவருக்கு அனுமதி இருக்கிறது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபியின் பதிவு எண் இல்லை, ரிசர்வ் வங்கிப் பதிவு இல்லை. முதலில் ஒரு லட்சம் போட்டிருக்கிறார், பத்து மாதம் ஒழுங்காக 5,000 வந்திருக்கிறது, அந்த நம்பிக்கையில் நகையை அடகு வைத்து இன்னும் ஆறு லட்சம். முதல் பத்து மாதம் வந்த 50,000 அவருடைய சொந்தப் பணத்தில் பாதி, அவ்வளவுதான். புதிதாக ஆள் சேருகிற வரை இந்த வண்டி ஓடும், சேருவது நின்றால் நிற்கும். இதில் தெரிந்தவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே வராது, கணக்கு அப்படி.

பெரிய பெயரை நம்பிக் கெட்ட கதையும் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. நாம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1938-ல், டிராவன்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி மூடியது. 1960-ல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது, அந்த அடியில்தான் டெபாசிட் இன்ஷூரன்ஸ் சட்டம் 1961-ல் வந்தது. தொடக்கத்தில் 1,500 ரூபாய்க்குத்தான் காப்பு, இன்று ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது உண்டு. ஆனால் ஊரில் இருக்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்துக்குக் கிடையாது, பெயர்ப்பலகையில் கூட்டுறவு என்று இருந்தாலும். இது பலருக்குத் தெரியவே தெரியாது. ரிட்டயர் ஆன பணம் முழுவதையும் ஒரே இடத்தில் போடுவதற்கு முன் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீட்டு போடுவதை நான் குறை சொல்லமாட்டேன். களியக்காவிளை தாண்டினால் கேரள அரசாங்கமே 'சிட்டி' என்ற பெயரில் சீட்டு நடத்துகிறது. ஆனால் 1982-ம் வருடச் சட்டப்படி சீட்டு நடத்துகிறவர் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும், கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நோட்டுப்புத்தகத்தில் எழுதி நடத்துகிற சீட்டில் இது எதுவும் இருக்காது. ஏலத்தில் எடுத்தவர் கட்டாமல் போனால் யாரிடம் போய் நிற்பீர்கள்?

இப்போது இன்னொரு கூட்டம் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஒரு குழுவில் சேர்ப்பார்கள், 'ப்ரொஃபசர்' ஒருவர் தினமும் காலையில் பங்கு டிப்ஸ் கொடுப்பார், குழுவில் மற்றவர்கள் "நன்றி சார், இன்று 18,000 லாபம்" என்று போடுவார்கள், அவ்வளவு பேரும் அந்த ஏமாற்றுக் கூட்டத்து ஆட்கள்தான். ஒரு ஆப் தருவார்கள், அதில் உங்கள் 2 லட்சம் 9 லட்சமாக வளர்ந்து நிற்கும். எடுக்கப்போனால் 20 சதவீதம் வரி கட்டினால்தான் எடுக்க முடியும் என்பார்கள். நிஜத்தில் பங்கு லாபத்துக்கு வரியை நாம் வருமான வரிக்கணக்கில்தான் கட்டுகிறோம், எந்த புரோக்கரும் பணத்தைக் கொடுக்க முன்கூட்டி வரி கேட்கமாட்டார். படித்தவர்களும் இதில் விழுகிறார்கள், சொல்லப்போனால் படித்தவர்கள்தான் ஆப் டவுன்லோடு செய்யத் தெரிந்தவர்கள்.

எந்தத் திட்டமாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது என்பதை. ஃபண்டுக்கு என்றால் காசோலை அந்த ஃபண்டின் பெயரில், விற்றால் பணம் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு. விநியோகஸ்தரான என் கணக்குக்கு ஒரு ரூபாய்கூட வரக்கூடாது. நானே "என் ஜிபே நம்பருக்குப் போடுங்கள்" என்று சொன்னால் எழுந்து போய்விடுங்கள். ஃபண்ட் வாங்கிய பங்குகளும் ஃபண்ட் கம்பெனியின் பெட்டியில் இருப்பதில்லை, கஸ்டோடியன் என்ற தனி நிறுவனத்திடம் இருக்கும். செபி இப்போது பதிவு பெற்ற புரோக்கர்களுக்கும் ஃபண்டுகளுக்கும் @-க்குப் பிறகு 'வேலிட்' (valid) என்ற சொல்லும் அதையடுத்து வங்கியின் பெயரும் வருகிற யுபிஐ முகவரியைக் கொண்டுவந்திருக்கிறது, அனுப்புவதற்கு முன் அதைப் பாருங்கள். பதிவு எண்ணை செபியின் இணையதளத்தில் நீங்களே தேடலாம். கேட்டால் எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பார் என்று கூச்சம் வேண்டாம், துணிக்கடையில் ஒரு சேலைக்கு பத்துச் சேலையை விரிக்கச் சொல்கிறவர்கள்தானே நாம்.

ஒழுங்கான வழியில் போனால் என்ன கிடைக்கும்? மாதம் 5,000 எஸ்.ஐ.பி., அதாவது மாதா மாதம் ஃபண்டில் ஒரே தொகை போடுவது, 15 வருடத்தில் நீங்கள் போடுவது 9 லட்சம். வருடத்துக்கு 8 சதவீதம் கிடைத்தால் 17 லட்சத்துக்குச் சற்று மேல், 12 கிடைத்தால் 25 லட்சம். இரண்டில் எது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, சொல்ல சட்டமும் அனுமதிக்காது. அதே மார்க்கெட்டில் எஃப் அண்ட் ஓ, அதாவது பங்கு விலை இனி ஏறுமா இறங்குமா என்று ஒப்பந்தம் போட்டு வாங்கி விற்கிற பக்கம் மட்டும் போகாதீர்கள்: 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியின் ஆய்வே சொல்கிறது. அதைச் சூதாட்டம் என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசமாட்டேன்.

கல்ஃபில் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வெளிநாடு போனபிறகும் பழைய சேவிங்ஸ் கணக்கிலிருந்தே எஸ்.ஐ.பி. ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கை வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும், ஃபண்டுக்குக் கொடுத்த அடையாள விவரத்திலும் (கே.ஒய்.சி.) வெளிநாடு வாழ் இந்தியர் (என்.ஆர்.ஐ.) என்று திருத்த வேண்டும். லீவில் வரும்போது பாதி நாள் போதும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: ஆன்லைனில் பணம் போயிருந்தால் அந்த மணிநேரமே 1930-க்குப் போன் செய்யுங்கள், தாமதமாக ஆக அந்தப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஊர்த் தம்பியிடம் போட்டதென்றால், 1997-ம் வருட முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது, பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம், அவருடைய சொத்தை முடக்கி விற்றுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க அதில் வழியுண்டு. வருடக்கணக்கில் இழுக்கும், முழுதாகத் திரும்பும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அதற்குள் ஆள் வந்து "பாதி தருகிறேன், பத்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்பார். பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிற வரை பத்திரத்தையும் கொடுக்காதீர்கள், வாட்ஸ்அப் மெசேஜையும் அழிக்காதீர்கள்.