கையுறைக்குள் ஐஸ் கட்டி: எது முதலில் உருகும்?

"முதல் வகுப்புப் பிள்ளைக்குக் குளிர்காலம் வந்ததிலிருந்து கையுறை, ஐஸ் கட்டி, பென்குயின் என்று விளையாட்டாகவே போகிறது. இதில் அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

எழுத்தும் கணக்கும் அதன்பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளைகள் சிறு வாக்கியங்களுக்கு வருகிறார்கள். விரல்விட்டு எண்ணியவர்கள் குச்சிகளைப் பத்து பத்தாகக் கட்டி எண்ணத் தொடங்குகிறார்கள். அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விளையாட்டு போலத் தெரிகிற அந்த ஐஸ் கட்டியில்தான் பெரியவர்களே தடுமாறுகிற பாடம் ஒன்று இருக்கிறது.

சோதனை இதுதான். ஒரே தட்டில் உறைந்த, ஒரே அளவுள்ள இரண்டு ஐஸ் கட்டிகள், ஒவ்வொன்றும் 20 கிராம். இரண்டையும் தனித்தனி ஜிப் பைகளில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூட வேண்டும். ஒரு பை அப்படியே மேசைமேல். இன்னொன்று கம்பளிக் கையுறைக்குள், வாயை மடித்து, அதே மேசைமேல். எது முதலில் உருகும் என்று கேட்டால் வகுப்பில் பெரும்பாலான கைகள் கையுறைக்குத்தான் உயரும். கையுறை போட்டால் கை சூடாகிறது. ஆகவே கையுறையில் சூடு இருக்கிறது. சூடு பட்டால் ஐஸ் உருகும். ஆறு வயதுக்கு இதைவிட ஒழுங்கான தர்க்கம் எதிர்பார்க்க முடியாது. கோளாறு தர்க்கத்தில் இல்லை, அனுபவத்தில். கை இல்லாமல் யாரும் கையுறை போட்டுப் பார்த்ததில்லை. சூடு தந்தது எப்போதுமே உள்ளே இருந்த கைதான்.

ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் மேசைமேல் இருந்த பையில் பெரும்பகுதி தண்ணீர். கையுறைக்குள் இருந்தது இன்னும் கட்டியாகவே இருக்கும். பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்காகவே இதைச் செய்யலாம்.

கணக்கு எளிது. ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் தேவை. 20 கிராமுக்கு ஏறக்குறைய 6,700 ஜூல். 25 டிகிரி அறையில் திறந்து கிடக்கும் கட்டிக்கு நொடிக்குச் சுமார் 1.2 ஜூல் வந்து சேர்கிறது என்று வைத்தால், முழுதும் உருக ஒன்றரை மணி நேரம். கையுறை இந்த வெப்பம் வந்து சேர்வதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே.

தாமதப்படுத்துவது கம்பளி என்று நினைப்போம். உண்மையில் வேலை செய்வது காற்று. பின்னிய கம்பளியின் கன அளவில் பெரும்பகுதி காற்றுதான். காற்றின் வெப்பக்கடத்தல் எண் (எண் சிறிதானால் வெப்பம் மெதுவாகக் கடக்கும்) 0.026, தண்ணீருக்கு 0.6, ஐஸுக்கு 2.2, அலுமினியத்துக்கு 200-க்கும் மேல். இவ்வளவு மோசமான கடத்தி நம்மைச் சுற்றிலும் இருந்தும் குளிர்வது ஏன்? காற்று சும்மா இருப்பதில்லை. சூடானது மேலே போகிறது, குளிர்ந்தது கீழே இறங்குகிறது, அந்தச் சுழற்சியோடு வெப்பமும் போய்விடுகிறது. கம்பளி இழைகள் சுருள் சுருளாக இருப்பதால் அவற்றுக்கிடையே மில்லிமீட்டருக்கும் குறைவான சந்துகள் உண்டாகின்றன. அவ்வளவு குறுகிய இடத்தில் சுழற்சி தொடங்கவே முடியாது. காற்றை நகரவிடாமல் பிடித்து வைப்பதுதான் கம்பளியின் முழு வேலையும். அது நனைந்தால் காற்றிருந்த சந்துகளில் தண்ணீர் புகுந்துவிடுகிறது. தண்ணீர் காற்றைவிட 23 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரக் கையுறையைவிட வெறுங்கை மேல் என்று தோன்றுவது பிரமை அல்ல.

இதுவரை பள்ளிப் பாடம். இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

20 கிராம் கட்டிக்குப் பதிலாகப் பட்டாணி அளவு ஐஸ் சில்லு இரண்டு எடுத்து இதே சோதனையைச் செய்தால், வித்தியாசமே தெரியாமல் போகலாம். சில சமயம் கையுறைக்குள் இருப்பதே முந்திக்கொண்டு உருகும்! கையுறை கெட்டுவிடவில்லை. வெளியிலிருந்து வரும் வெப்பம் இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று கம்பளி. மற்றொன்று, எந்தப் பொருளின் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய காற்றுப் படலம். கம்பளி சுற்றினால் முதல் தடை புதிதாக வருகிறது. ஆனால் வெளிப்பரப்பு பெரிதாவதால் இரண்டாவது தடை பலவீனமாகிறது. வெப்பம் நுழைய வாசல் அகலமாகிவிடுகிறது.

எவ்வளவு அகலம் என்பது உள்ளே இருப்பதன் அளவைப் பொறுத்தது. 20 கிராம் கட்டியை உருண்டை என்று கொண்டால் ஆரம் 17 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் கம்பளி சுற்றினால் 22. வெளிப்பரப்பு 1.7 மடங்குகூட ஆகவில்லை. கம்பளியின் தடையே வெல்கிறது, உருகும் நேரம் சுமார் ஒன்றரை மடங்காகிறது. 4 மில்லிமீட்டர் ஆரமுள்ள சில்லுக்கு அதே கம்பளியைச் சுற்றினால் ஆரம் 9, வெளிப்பரப்பு ஐந்து மடங்கு. லாபத்தை நஷ்டம் தின்றுவிடுகிறது. இதற்குக் கீழே உறை சுற்றிப் பயனில்லை என்கிற எல்லைக்குப் பொறியியலில் மாறுநிலை ஆரம் என்று பெயர். மெல்லிய மின்கம்பி, பிளாஸ்டிக் உறை போட்ட பிறகு வெற்றுக் கம்பியைவிட நன்றாகக் குளிர்வதும் இதனால்தான்.

விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட, நான்கு விரலையும் ஒரே பையில் போடும் கையுறை ஏன் கதகதப்பு என்பதற்கும் விடை இங்கேதான். தட்டையான பரப்பின்மேல் 5 மில்லிமீட்டர் கம்பளி, வெப்ப இழப்பைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள குழந்தை விரலைத் தனியாகச் சுற்றினால் அதே கம்பளி குறைப்பது கால் பங்குதான். இன்னும் தடிமனாகப் பின்னினாலும் பெரிதாகக் கூடுவதில்லை. விரல்களைச் சேர்த்து வைத்தால் நான்கு மெல்லிய உருளைகள் ஒரு பருமனான பொருளாகிவிடுகின்றன. சின்னப் பிள்ளைகளுக்குப் பிரியாத கையுறை போடுவது மாட்டிவிட வசதி என்பதற்காக மட்டுமல்ல. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்குத் தோல்பரப்பு சுமார் 0.8 சதுர மீட்டர். 70 கிலோ ஆளுக்கு 1.8. கிலோவுக்குக் கணக்கிட்டால் பிள்ளையின் பரப்பு ஒன்றரை மடங்கு. அவர்கள் நம்மைவிட வேகமாகக் குளிர்ந்துபோகிறார்கள்.

வகுப்பில் சோதனை சொதப்பும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான். ஜிப் பை சரியாக மூடாமல் உருகிய நீர் கம்பளியை நனைப்பது. ஒரு கட்டியை உலோக மேசைமேலும் மற்றதை மரத்தின்மேலும் வைப்பது. உலோகம் வெப்பத்தை விறுவிறுவென்று ஐஸுக்குள் செலுத்தி முடிவையே புரட்டிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையுறையைத் திறந்து தொட்டுப் பார்ப்பது எல்லாவற்றிலும் மோசம். இருபது பிள்ளைகள் தொட்டால் இருபது சூடான கைகள் பட்டுவிட்டன என்று பொருள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஆசிரியர் மட்டும் திறந்து காட்டினால் போதும்.

அடுத்த படி, வெறும் கையுறைக்குள் தெர்மாமீட்டர். அது அறையின் வெப்பநிலையைத்தான் காட்டும். ஆனால் பிள்ளைகள் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அமெரிக்காவில் நான்காம் வகுப்பு ஒன்றில் நடந்ததைப் புரூஸ் வாட்சனும் ரிச்சர்ட் கோனிசெக்கும் 1990-இல் எழுதினார்கள். ஸ்வெட்டருக்குள் தெர்மாமீட்டர் ஏறவில்லை என்றதும் பிள்ளைகள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை; குளிர்காற்று புகுந்திருக்கும், நேரம் போதவில்லை என்று காரணம் சொல்லி, இன்னும் இறுக்கமாக மூடி மறுபடி மறுபடி செய்துபார்த்தார்கள். எனக்கு அது பிடிவாதமாகத் தெரியவில்லை. காரணம் சொல்லி, அந்தக் காரணத்தையே சோதித்தும் பார்க்கிறார்கள். "பரம்பரையாகச் சொல்கிறார்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் பெரியவர்களிடம் இந்தப் பழக்கம் அரிது. ஆனால் ஆரம்பப் பள்ளிக்குப் பணம் ஒதுக்கும்போது முதலில் வருவது தொடுதிரைகள். ஒரு டஜன் தெர்மாமீட்டர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

பென்குயின் பாடத்தில் வரும் கொழுப்புக் கையுறையும் இதே குடும்பம்தான். ஒரு ஜிப் பைக்குள் இன்னொரு பை, நடுவில் வனஸ்பதி, குறைந்தது ஒன்றரை சென்டிமீட்டர். அதற்குள் கையை விட்டு ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டும். கொழுப்பின் வெப்பக்கடத்தல் எண் 0.2, தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு. காற்றோடு ஒப்பிட்டால் சுமார்தான். ஆனால் ஆழத்தில் நீர் அழுத்தும்போது காற்று நசுங்கிவிடும், கொழுப்பு நசுங்காது. ஒப்பிடும் மற்றக் கைக்கும் வனஸ்பதி இல்லாத இரட்டைப் பை கட்டாயம். அரை நிமிடத்துக்குமேல் வைத்திருக்க விடக்கூடாது.

வீட்டில் செய்ய ஆசைப்படும் வாசகிக்கு, ஐஸ் சோதனை முடிந்த மறுநாள், அதே கையுறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி இரண்டு சிறு பாட்டில்களில் 40 டிகிரி வெந்நீர், 100 மில்லி வீதம். ஒன்று கையுறைக்குள், ஒன்று வெளியே, இரண்டின் மூடியும் இறுக்கமாக. 10 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து பிள்ளையையே எண்களை எழுதச் சொல்லுங்கள். நேற்று ஐஸை உருகவிடாத கையுறை இன்று வெந்நீரை என்ன செய்யும் என்று அளப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். முதல் அளவைப் பார்த்த பிறகு கேட்டால் ஊகத்துக்கு வேலையில்லை.